தோட்டப் பள்ளியை ஆள்வது யார்?

சிரம்பானிலிருந்து தம்பின் போகும் சாலையில் ரெம்பாவுக்கு முன்னால் வருகிற சிற்றூர் பெடாஸ். வெளியூர்க்காரர்களுக்கு அது வெந்நீர் ஊற்று உள்ள இடம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பெடாஸ்-லிங்கி என்று பெயர்ப்பலகை காட்டும் வெளிவழி. ரெம்பாவ் மாவட்டம் அடாட் பெர்பாத்தே எனப்படும் தாய்வழி மரபின் நிலம். இங்கே தலைமை கீழிருந்து மேலே போகும். குலத்தின் கிளைகள் புவாபா எனப்படும் தங்கள் கிளைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. புவாபாக்கள் கூடிக் குலத் தலைவரான லெம்பாகாவையும், லெம்பாகாக்கள் கூடி வட்டாரத் தலைவரான உண்டாங்கையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜோகோல், ரெம்பாவ் ஆகிய நான்கின் உண்டாங்குகள் சேர்ந்து மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ஆட்சியாளரான யாங் டி-பெர்துவான் பெசாரைத் தேர்கிறார்கள். ரெம்பாவின் உண்டாங் பதவிகூட ஒரே குடும்பத்தில் தங்குவதில்லை. லேலா மகாராஜா, செடியா ராஜா என்ற இரு பட்டங்களுக்கிடையே அது மாறி மாறிச் செல்கிறது.

இதே மண்ணில், பெருஞ்சாலையை விட்டு விலகி ரப்பர் மரங்களுக்குள் போனால் வேறொரு ஆட்சி இருந்தது. துரை, கிராணி, மண்டோர், கங்காணி என்று மேலிருந்து கீழே இறங்கிய ஆட்சி அது. அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்த தமிழர்களுக்குத் தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பொறுப்பில் யார் இருக்க வேண்டும் என்று சொல்ல எந்த வழியும் இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வழியின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்துகிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலில் மூச்சைப் பிடித்துப் போட்டியிடுகிறோம். பள்ளி மேலாளர் வாரியத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதுகூட இல்லை. தோட்டப் பள்ளிகள் கடந்த அறுபது ஆண்டுகளில் இழந்தவற்றில் கணிசமான பங்குக்கு இந்தப் பாராமுகமும் காரணம் என்பது என் முடிவு.

தோட்டப் பள்ளி பிறந்த விதத்திலேயே இந்தக் கோணல் இருக்கிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கல்விச் சட்டம் செய்ய வேண்டியதைத் தொழிலாளர் சட்டம் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை, குழாய்த் தண்ணீர் ஆகியவற்றின் வரிசையில் பள்ளியும் தொழிலாளிக்குக் கொடுக்கும் வசதிகளில் ஒன்றாக எழுதப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பல இடங்களில் வாத்தியாரானார். பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்குக்குப் போய்ப் பால் மரம் சீவிவிட்டு வந்த பெற்றோருக்கு, அந்தப் பள்ளியின் உரிமையாளரும் தங்கள் முதலாளியும் ஒருவரே. பள்ளியைப் பற்றிக் குறை சொல்வது துரையைப் பற்றிக் குறை சொல்வதாகிவிடும். அதை யார் சொல்வார்?

அந்தச் சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர்களுக்குப் பள்ளித் தேர்தல் தெரியாத ஒன்றல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1870-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்களை உண்டாக்கியது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கப் பெண்களுக்கு இன்னும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்திருப்பு இருந்த காலம் அது. ஆனாலும் பள்ளி வாரியத்துக்குப் பெண்கள் போட்டியிடலாம். அந்த முதல் தேர்தலிலேயே எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் என்ற இருவர் லண்டன் வாரியத்துக்குத் தேர்வானார்கள். வாக்களிக்கும் முறையும் சிந்தித்து வகுக்கப்பட்டது. எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒருவருக்கு உண்டு. விரும்பினால் அத்தனையையும் ஒரே வேட்பாளருக்குப் போட்டுவிடலாம். சிறுபான்மைச் சமயத்தவர் ஒன்றுதிரண்டால் ஓரிடமாவது பெற இது உதவியது. 1902-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாரியங்களைக் கலைத்து வேலையை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்வி வேண்டும் என்ற எண்ணம் கப்பலேறி வந்தது. தொழிலாளிக்கு அதில் வாக்கு வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை.

சுதந்திரத்தை ஒட்டி ஒரு வாய்ப்புத் திறந்தது. தமிழ்ப்பள்ளியையும் சீனப்பள்ளியையும் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றுக்கொண்ட 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, உள்ளூர்க் கல்வி ஆணையங்கள் அமைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது வேர்விடவில்லை. 1960-இன் ரகுமான் தாலிப் அறிக்கையும் 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதிகாரத்தை நடுவண் அரசின் பக்கம் இழுத்துக்கொண்டன. அந்தச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தைக் கல்வி அமைச்சருக்குக் கொடுத்தது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரும் வரை அந்தப் பிரிவு சீன, தமிழ்ச் சமூகங்களின் தலைக்கு மேல் தொங்கியது. 1970-களின் தொடக்கத்தில், ஆசிரியர் பணியை ஆராய்ந்த அசீஸ் ஆணையத்தின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வந்தபோது ஆசிரியர்கள் அரசுச் சம்பளத்துக்கு மாறினார்கள். ஆசிரியர்களுக்கு அது பெரிய விடுதலை. தோட்டத் துரையின் தயவில் பிழைத்த காலம் முடிந்தது. மேலாளர் வாரியத்துக்கோ ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பு போய், நிலமும் கட்டடமும் மட்டும் மிஞ்சின. அந்த மிச்சத்தைப் பெரும்பாலோர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பின்னால் எல்லாச் சிக்கலும் அந்த நிலத்தைச் சுற்றியே வந்தன.

இடையில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் தாண்ட முடியாது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் நடத்தலாமா என்று ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி வேண்டும் என்று அவருடைய ஆணையம் 1968-இல் அறிக்கை தந்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அந்தத் தேர்தல்களை அடியோடு நீக்கியது. தோட்டத்து மக்களுக்கு இதனால் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதுதான் வேதனை. புதுக்கிராமங்களில் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூர் மன்றங்களுக்குத் தேர்தல் நடந்த நாட்களிலும், தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளாட்சியின் வேலிக்கு வெளியே நின்றது. சாலையும் விளக்கும் குப்பையும் நிர்வாகத்தின் கையில். பின்னாளில் ஊரக மேம்பாட்டு நிதிகள் தோட்ட வாசலில் நின்றுவிட்டதற்கும் இதே காரணம் சொல்லப்பட்டது.

ஆகவே, பெடாஸ் வட்டாரத்துத் தமிழர் ஒருவர் தன் வாழ்நாளில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிப்பார். அதற்குக் கீழே, தன் அன்றாட வாழ்வைத் தொடும் பொது அமைப்பு ஒன்றுக்கு அவர் கைதூக்கி வாக்களிக்க அரசுச் சட்டம் இடம் தந்திருப்பது பள்ளியில் மட்டுமே. கோயில் நிர்வாகத் தேர்தலும் கூட்டுறவுச் சங்கத் தேர்தலும் உண்டு, ஆனால் அவை உறுப்பியம் சார்ந்தவை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த ஒரே தகுதியால் பால் மரம் வெட்டிய தாயும் செம்பனைக் குலை அறுக்கும் தகப்பனும் வாக்காளராவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில்தான்.

அந்தத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பேச்சு தொடங்கிவிடும். நடப்புத் தலைவர் மறுபடியும் நிற்கிறாரா, யார் முன்மொழிவார், யார் வழிமொழிவார், பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் வருவார்கள். கூட்டம் தொடங்கியதும் ஆண்டறிக்கை, கணக்கறிக்கை. சுற்றுலாவுக்கு வசூலித்த பணம், விளையாட்டுப் போட்டிச் சாப்பாடு, பேருந்துக் கட்டணம் என்று கேள்விகள் வரும். பிறகு தேர்தல்: தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவையினர், கணக்காய்வாளர். போட்டியின்றித் தேர்வாகும் ஆண்டுகளும் உண்டு. சிறு காகிதத்தில் பெயர் எழுதி மடித்துப் போட்டு எண்ணும் ஆண்டுகளும் உண்டு. கட்சிக் கிளைகளின் நிழல் விழுவதும் நடக்கிறது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. தங்கள் பள்ளியைப் பற்றி மக்கள் வாதாடுவது நல்ல செய்தி.

ஆனால் அவ்வளவு போராடிப் பெறும் பதவியின் எல்லை என்ன? சங்கம் இயங்குவது 1998-ஆம் ஆண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகளின்படி. தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியர்களின் தொழில்முறை வேலையிலும் சங்கம் தலையிட முடியாது. ஆசிரியர்களும் உறுப்பினர்கள், அவர்களுக்கும் வாக்குண்டு. 150-க்குக் குறைவான மாணவர்கள் உள்ளவை குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். தோட்டப் பள்ளிகளில் பல அந்த எண்ணிக்கைக்கும் மிகக் கீழே இருப்பவை. முப்பது பிள்ளைகள், இருபது குடும்பங்கள், பத்து ஆசிரியர்கள் உள்ள பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வேலைக்குப் போகாத பெற்றோர் பத்துப் பேர் வந்தால், அறையில் பாதிப் பேர் ஆசிரியர்களாக இருப்பார்கள். ஆசிரியர்கள் நல்லெண்ணம் உள்ளவர்களாகவே இருக்கட்டும். தங்கள் மேலதிகாரி ஆலோசகராக அமர்ந்திருக்கும் அறையில் அவர்கள் எந்த அளவுக்குத் தனியாக வாக்களிக்க முடியும் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது வாரியத்துக்கு வருவோம். அரசு உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலாளர் வாரியம் இருக்க வேண்டும், அதற்கு ஆளுகை ஆவணம் ஒன்று இருக்க வேண்டும், அதன் உறுப்பினர்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். வாரியத்தில் நிலத்துக்கு உரியவர்கள் அல்லது அறங்காவலர்கள், ஆதரவாளர்கள், முன்னாள் மாணவர்கள், பெற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளும், அமைச்சு நியமிப்பவர்களும் இடம்பெறுவார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். நிலம் அரசுடையது அல்லாததால் கட்டடச் செலவு முழுவதையும் அது ஏற்காது. பராமரிப்புக்கென அரசு ஒதுக்கும் பணம் வாரியத்தின் வங்கிக் கணக்கு வழியாக வந்த காலமும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், பள்ளி எந்த நிலத்தில் நிற்கிறது, அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, இடம் மாறினால் எங்கே போகும், எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்பவை வாரியத்தின் மேசைக்கு வரும் கேள்விகள். சுற்றுலாப் பணத்தைப் பற்றி மூன்று மணி நேரம் விவாதிக்கும் நாம் இதைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவதில்லை.

தோட்டத்தில் வாரியத் தலைவர் நாற்காலி வழக்கமாகத் துரைக்குரியதாக இருந்தது. கம்பெனியின் நிலம், கம்பெனியின் கட்டடம், ஆகவே கம்பெனியின் ஆள். துரை மாறினால் தலைவர் மாறுவார். பல இடங்களில் வாரியம் என்பது கோப்பில் மட்டும் இருந்தது. கம்பெனியே கைமாறிய கதைகளும் உண்டு. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனம் மலேசிய அரசு சார்ந்த பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட்டின் கைக்கு வந்தது. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. அந்த நிறுவனங்களின் தோட்டங்களில் நின்ற பள்ளிகளின் நில உரிமையாளர் இப்படி மாறிக்கொண்டே இருந்தார். பள்ளியின் பெயரில் யாராவது ஒரு கேள்வி எழுப்ப வேண்டுமென்றால் எழுப்பக்கூடிய சட்டபூர்வமான அமைப்பு வாரியமே. அது உறங்கிக் கிடந்தது.

பிறகு தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆன காலம். சுதந்திரத்தின்போது 888 என்று சொல்லப்படும் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 530; நெகிரி செம்பிலானில் 61. மூடப்பட்டவற்றில் பல, பிள்ளைகள் இல்லாமல் போனதால் மூடப்பட்டவை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடம் மாறியவற்றைப் பாருங்கள். சுபாங் ஜெயா பக்கத்தில் இன்று நகரத்தின் நடுவே நிற்கும் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் பெயரைச் சுமக்கிறது, தோட்டம் இல்லை. பண்டார் உத்தாமாவில் உள்ள எஃபிங்காம் தமிழ்ப்பள்ளிக்கென ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 6 ஏக்கரில் 3 ஏக்கர் என்னவாயிற்று என்ற கேள்வி பெரிய பொதுச் சர்ச்சையாக வெடித்தது. யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை முயலவில்லை. அந்தச் சர்ச்சையில் வெளிப்பட்ட உண்மை வேறு. பள்ளி நிலத்தைப் பற்றிய முடிவு எங்கே, யாரால் எடுக்கப்படுகிறது என்பதே பெரும்பாலான பெற்றோருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

சீனச் சமூகம் இதை வேறு விதமாகக் கையாண்டது. அவர்களுடைய பள்ளி வாரியங்கள் ஊர் வணிகர்களும் குலச் சங்கங்களும் பணம் போட்டுக் கட்டிய பள்ளிகளிலிருந்து பிறந்தவை. 1954-இல் அவை நாடளாவிய கூட்டமைப்பாகத் திரண்டன. டோங் சோங் என்ற அந்தப் பெயரை மலேசியாவில் கல்வி அரசியலைக் கவனிப்பவர் எவரும் அறிவார். பணம் அதிகம் என்பது ஒரு காரணம்தான். வாரியம் தங்களுடையது என்ற உணர்வு முதலிலிருந்தே அவர்களுக்கு இருந்தது. நமக்கு வாரியம் துரையுடையதாக அறிமுகமானது. துரை போன பிறகும் அந்த நினைவு போகவில்லை. நெடுங்காலம் உறங்கிய பிறகு, கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்ப்பள்ளி வாரியங்களை உயிர்ப்பிக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. அவை இன்னும் எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை.

தேர்தல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் வாரிய உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வரி, பாடநூல், கண்காணிப்பாளர் நியமனம் எல்லாம் அவர்கள் கையில். அப்படியிருந்தும் தனியாக நடக்கும் வாரியத் தேர்தல்களில் வாக்களிப்போர் மிகக் குறைவு. வராதவர்களின் இடத்தை ஒரே கொள்கையில் ஒன்றுதிரண்ட சிறு குழுக்கள் பிடித்துக்கொள்கின்றன. கொரோனாக் காலத்திலும் அதற்குப் பிறகும் முகக்கவசம், நூலகப் புத்தகங்கள், வரலாற்றுப் பாடம் ஆகியவற்றை வைத்துப் பல ஊர்களில் வாரியக் கூட்டங்கள் சண்டைக்களமாயின. முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் அப்படியொரு பிளவு வந்தால் பள்ளியே தாங்காது.

நமக்கு அருகில் இருக்கும் முன்மாதிரி தமிழ்நாடு. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் வந்து பல ஆண்டுகள் குழுக்கள் ஏட்டளவில் கிடந்தன. தலைமையாசிரியர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதே உறுப்பினர் வேலையாக இருந்த பள்ளிகள் ஏராளம். 2022-இல் தமிழ்நாடு அரசு எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டிக் குழுக்களைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கச் செய்தது. இருபது பேர் கொண்ட குழுவுக்குப் பிள்ளையின் தாய் ஒருவர் தலைவர் என்று வகுத்தது. எல்லா ஊரிலும் அது சிறப்பாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெற்றோருக்குப் பெரும்பான்மை, தாய்க்குத் தலைமை என்ற இரண்டும் விருப்பமாக இல்லாமல் விதியாக இருக்கின்றன. மலேசியத் தோட்டப் பள்ளி வாரியத்தில் பெற்றோர் பல தரப்பினரில் ஒரு தரப்பினர் மட்டுமே. அந்தப் பங்கை உயர்த்தச் சட்டத் திருத்தம் வேண்டும், அதைக் கேட்பது நியாயம். இருக்கிற பங்கையே நிரப்பாமல் கூடுதல் பங்கு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

எழக்கூடிய தடை ஒன்று உண்மையானது. தோட்டத்தில் இப்போது தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பெடாஸ் வட்டாரத்தில் செம்பனை வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசியரும் வந்துவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்கும் சிரம்பானுக்கும் போய்விட்டன. பெற்றோர் குறைந்த பள்ளியில் வாரியத்துக்கு ஆள் எங்கே தேடுவது? விடை வாரியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பெற்றோர் உரிமை பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்ததும் முடிந்துவிடும். முன்னாள் மாணவர் என்ற தகுதி சாகும் வரை போகாது. நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் படித்துவிட்டு இன்று வழக்கறிஞராகவும் கணக்காளராகவும் நில அளவையாளராகவும் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நிலப்பட்டாவைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் வாரியத்தில் இருப்பது, தீபாவளிக்கு மாணவர்களுக்குப் பள்ளிப்பை வாங்கிக் கொடுக்கும் பத்துப் பேரைவிடப் பள்ளிக்கு உதவும். அந்த அன்பளிப்புகளைச் சிறுமைப்படுத்தவில்லை. அவற்றோடு நிற்காதீர்கள் என்றே கேட்கிறேன்.

பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும், தோட்டப் பள்ளியில் படித்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கட்டுரை வைக்கும் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வரும்போது, நிகழ்ச்சி நிரலில் மேலாளர் வாரியத்தைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வாரியத்தின் ஆளுகை ஆவணத்தைப் பார்க்கக் கேளுங்கள். இப்போதைய உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலையும், அவர்களின் தவணை எப்போது முடிகிறது என்பதையும், பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பெற்றோர் இடங்களோ முன்னாள் மாணவர் இடங்களோ காலியாக இருந்தால், அங்கேயே ஒருவரை முன்மொழியுங்கள், இன்னொருவர் வழிமொழியட்டும், பெயரைப் பதிவுக்கு அனுப்புங்கள்.